சலாலாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

ஷார்ஜாவில், முவைலா பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த அந்தச் சின்ன மளிகைக் கடையில், தராசுக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கும். யாரோ ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்தது. அதன் கடைசி அட்டையில், துபாயிலிருந்து எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். கடைக்காரர் கலீலுர் ரஹ்மான் அந்த அட்டை முன்பக்கம் வருகிற மாதிரி காலண்டரைத் திருப்பி மாட்டியிருந்தார். தேதி தெரிய வேண்டும் என்றால் அவருடைய கூட்டாளி சுஐபு எழுந்து போய், காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே பழையபடி மாட்டிவிட்டு வரவேண்டும்.

கலீலுர் ரஹ்மான் ஐந்தாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அந்த அட்டை அவருக்கு மனப்பாடம். தொழில்பேட்டையில் வேலை முடிந்து வருகிற பையன்கள் தயிரும் குபூஸ் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, அவர் வாயைக் கிளறுவதற்காகவே கேட்பார்கள்.

"பாய், திருச்சிக்கு எத்தனை மணி நேரம்?"

"நாலு மணி நேரம் தம்பி. எப்பப் போறிய?"

"லீவு கிடைச்சா பாய்."

"அது அட்டையில போடலியே தம்பி."

பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர்கள் போன பிறகு அட்டையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். அதில் கீழேயிருந்து மூன்றாவது வரி சலாலா. தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். அந்த வரியில் மட்டும் பச்சை மையால் கோடு போட்டிருந்தார்.

சலாலாவில் அவருடைய மகள் ஃபஸ்னா இருந்தாள். ஓமானின் தெற்குக் கோடியில் அவள் புருஷன் அப்துல் ஹாதி ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தார். அவளுக்கு அது தலைப்பிரசவம். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலீலுர் ரஹ்மானின் மனைவி ரஹீமா பீவி ஊரிலிருந்து ஷார்ஜா வந்து, ஒரு மாதம் முன்பே போய் மகளோடு தங்கிவிட்டார். கலீலுர் ரஹ்மானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிறக்கிற பேரப்பிள்ளையின் காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கை அவர் சொல்ல வேண்டும்.

எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிள்ளை பூமிக்கு வந்ததும் வலது காதில் பாங்கும், இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் சொல்வார்கள். உலகத்துச் சத்தம் எதுவும் போகுமுன் அல்லாஹ்வின் பெயர் அந்தக் காதுக்குள் போகவேண்டும். தகப்பன் சொல்வது அழகு. கலீலுர் ரஹ்மானுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பிறந்தபோதும் அவர் இந்தப் பாலைவனத்தில்தான் இருந்தார். மூத்தவன் அம்மார் காதில் அவருடைய காக்கா, அதாவது அண்ணன், சொன்னார். கடைக்குட்டி ஆமிராவுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். நடுவில் பிறந்த ஃபஸ்னாவுக்கு, ரஹீமாவின் தம்பி சுஐபு சொன்னான். அவனுக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை. பிள்ளை பிறந்த சேதி, பதினான்கு நாள் கழித்துக் கடிதத்தில் வந்தது.

அந்தச் சுஐபுதான் இப்போது கடையில் கூட்டாளி. இருபத்தொரு வருஷமாக அவன் வாய் சும்மா இருந்ததே இல்லை.

"உங்க மவ காதுல முதல்ல உளுந்தது என் சத்தமாக்கும் மச்சான்" என்பான். "அதனாலதான் அவளுக்கு இவ்வளவு புத்தி."

"புத்தி அவ உம்மாகிட்ட இருந்து வந்தது."

"அதுவும் எங்க குடும்பம்தான மச்சான்?"

கலீலுர் ரஹ்மான் யாரையும் ஏசிப் பழகாத மனுஷர். கோபம் வந்தால் எழுந்து போய் அரிசி மூட்டைகளை இடம் மாற்றி அடுக்குவார். இதைக் கேட்கும்போதும் போய் அடுக்குவார்.

ரஹீமா பீவி சலாலாவுக்குப் புறப்படும்போதே சொன்னார். "நீங்களும் ஒரு வாரம் முந்தியே வந்துருங்களேன். ஆண்டவன் எப்பக் குடுப்பான்னு நமக்குத் தெரியுமா?"

"ஒரு வாரம் அங்க வந்து ஹாதி வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கவா? இங்க கடைய யாரு பார்ப்பா?"

"சுஐபு இருக்கான்ல?"

"அவன் கடையைப் பார்ப்பான், கடையிலே உள்ளதை எவன் பார்க்கிறது? ரஹீமா, கேளு. தலைப்பிரசவம். வலி எடுத்துப் பத்துப் பன்னெண்டு மணி நேரமாவது ஆவும். மழைக்காலத்துக்குத் தினம் ஒரு விமானம் விட்டிருக்கான், நேரா சலாலா. காலையில பத்தேகாலுக்கு. ஒன்னேமுக்கா மணி நேரம். மத்தியானம் லுஹர் தொழுவ நான் அங்க இருப்பேன்."

ரஹீமா பீவி அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "இன்ஷா அல்லாஹ் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார். ஆனாலும் மனதுக்குள் அட்டையைத்தான் நம்பினார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஸுப்ஹு தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஃபோன் அடித்தது. மருமகன் ஹாதி.

"மாமா, ஃபஸ்னாவுக்கு வலி எடுத்துட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். டாக்டர் சாயங்காலம் ஆவும்ங்கிறாங்க."

"மாப்புள்ள, பதறாதீங்க. நான் இந்தா வந்துட்டேன்."

பை பத்து நாளாகத் தயாராக இருந்தது. மதீனத்துப் பேரீச்சம்பழம், ஒரு சின்னக் குப்பி தேன், பிள்ளைக்கு நாலு சட்டை, தனக்கு ஒரு மாற்றுத் துணி. ஹாதியின் முதலாளி எடுத்துக் கொடுத்த ஓமான் விசா பாஸ்போர்ட்டுக்குள் மடித்து இருந்தது. பத்தேகால் விமானத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. சுஐபு கடை வேனை எடுத்தான். ஆறு மணிக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

ஷார்ஜாவிலிருந்து துபாய் விமான நிலையம் இருபது கிலோமீட்டர் கூட இருக்காது. அட்டையில் அந்தத் தூரம் இல்லை. நஹ்தா பக்கம் வந்ததும் வண்டிகள் நின்றன. முன்னால் பார்த்தால் சிவப்பு விளக்குகள், பின்னால் பார்த்தால் வெள்ளை விளக்குகள். அரை மணி நேரத்தில் ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டினார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தப் பங்கின் பெயர்ப்பலகை இன்னும் கண்ணாடியில் தெரிந்தது.

"மச்சான், இறங்கி நடந்தா முந்திருவிய" என்றான் சுஐபு.

"பேசாம ஓட்டு."

"ஓட்டுறதுக்கு வண்டி நகரணும்ல?" என்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினான். "ஒன்னு சொல்லட்டா? பேசாம எனக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். எங்களுக்கு இது பழக்கப்பட்ட காரியம். மவளுக்குச் சொன்ன வாய், மவ புள்ளைக்கும் சொல்லியிருக்கும்."

கலீலுர் ரஹ்மானுக்குக் கோபம் வந்தது. அடுக்குவதற்கு அங்கே அரிசி மூட்டையும் இல்லை. தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். தொண்ணூற்றொன்பது மணியையும் பதினொரு தடவை உருட்டி முடித்தபோது விமான நிலையம் வந்தது. இருபது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். ஓடிப்போய்த்தான் கவுண்டரைப் பிடித்தார்.

விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். முத்துராமன் என்று ஒரு இன்ஜினியர், அவர் மனைவி சந்திரகலா, ஜன்னலோரம் பத்து வயது மகள் தன்யா. மூன்று பேரும் மழைக்கோட்டை மடியில் வைத்திருந்தார்கள்.

"ஷார்ஜாவுல நாற்பத்தாறு டிகிரி பாய்" என்றார் முத்துராமன். "சலாலாவுல இப்ப இருபத்தஞ்சு. கடல்ல இருந்து மூட்டம் வந்து மலையெல்லாம் பச்சையா கிடக்குமாம். அந்த மூட்டத்தைப் பார்க்கத்தான் போறோம். நீங்க?"

கலீலுர் ரஹ்மான் சொன்னார். சந்திரகலா சந்தோஷப்பட்டு, "பேரனா பேத்தியா, எதுங்க ஆசை?" என்று கேட்டார்.

"எதுவானாலும் ரெண்டு காது இருக்கும்லம்மா, அது போதும்" என்றார் அவர். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கிச் சொன்னதும் புரிந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்து இருபத்தைந்துக்கு விமானம் மேலே கிளம்பியது. கீழே மணல், மணல், அதற்குப் பிறகும் மணல். பதினொன்று ஐம்பதுக்கு விமானம் மூக்கைத் தாழ்த்தியது. அட்டையில் போட்டிருந்தது பொய்யில்லை என்று நினைத்துப் பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தலையணைப் பஞ்சுக்குள் புகுந்த மாதிரி. "மூட்டம்! மூட்டம்!" என்று தன்யா கைதட்டினாள். விமானம் இன்னும் கீழே போனது, ஒரு உலுக்கு உலுக்கியது, பிறகு இன்ஜின் அலறிக்கொண்டு மேலே ஏறிவிட்டது.

ஓடுபாதை தெரியவில்லை என்றார்கள். ஒரு வட்டம் போட்டார்கள். இன்னொரு தரம் இறங்கிப் பார்த்தார்கள். மறுபடியும் வெள்ளை, மறுபடியும் அலறல். அதற்குப் பிறகு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கலீலுர் ரஹ்மான் கீழே பார்த்தார். அந்த வெள்ளைக்கு அடியில் எங்கேயோ ஆஸ்பத்திரி. அதற்குள் ஒரு கட்டிலில் தன் மகள் வலியில் துடிக்கிறாள். நேர் கீழே. கயிறு ஒன்று கிடைத்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. முக்கால் மணி நேரம் மகளின் தலைக்கு மேலேயே சுற்றிவிட்டு, எரிபொருள் போதாது என்று விமானம் மஸ்கட்டுக்குத் திரும்பியது.

"என்ன சார் இது?" என்று முத்துராமனிடம் கேட்டார். "அட்டையில ஒன்னேமுக்கா மணி நேரம்னு போட்டிருக்கானே சார்."

"எந்த அட்டை பாய்?"

அவர் பையை மடியிலிருந்து எடுத்துத் திரும்பக் காலடியில் வைத்தார்.

மஸ்கட் விமான நிலையத்தில் இரண்டு மணிக்கு எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு ஜூஸ் கொடுத்தார்கள். மூட்டம் விலகினால் போகலாம், எப்போது விலகும் என்று தெரியாது, காலையில்கூட ஆகலாம் என்றார் கவுண்டரில் இருந்த பையன். கலீலுர் ரஹ்மான் லுஹரையும் அஸரையும் பயணத் தொழுகையாகச் சேர்த்துச் சுருக்கித் தொழுதார். பிறகு ரஹீமா பீவியைக் கூப்பிட்டார்.

"எங்க இருக்கிய? வந்துட்டியளா?"

"வந்தேன்."

"வந்துட்டியளா! எந்தப் பக்கம் நிக்கிறிய?"

"மேல வந்தேன். இப்ப மஸ்கட்ல இருக்கேன்."

 "சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்ங்கிறாங்க" என்றார் ரஹீமா பீவி. "புள்ள உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா." அவ்வளவுதான் சொன்னார். முன்பே வரச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. கவுண்டர் பையனிடம் நாலு தரம் போய்க் கேட்டார். நாலாவது தரம் அவன் இவர் வருவதைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டான். ஒரு துப்புரவுத் தொழிலாளி, மூன்றரை மணிக்கு மஸ்கட் நகரத்துக்குள் ரூவியிலிருந்து சலாலாவுக்குப் பஸ் இருக்கிறது என்று சொன்னார்.

"பாய், சொல்றதைக் கேளுங்க" என்றார் முத்துராமன். "ரோட்ல ஆயிரத்து இருபது கிலோமீட்டர். பன்னெண்டு பதிமூணு மணி நேரம். இங்கேயே இருங்க. மூட்டம் எப்ப வேணாலும் விலகும்."

"விலகாட்டி?"

"விலகாட்டி காலைல போவோம்."

"பஸ்ஸும் காலையிலதான் போவும் சார். ஆனா அது நகர்ந்துக்கிட்டே இருக்கும். இங்க உக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்."

முத்துராமன் அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டார். கலீலுர் ரஹ்மான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் வரிசையில் நின்றார். பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையாத்?" என்றார். தையல்காரரா என்று அர்த்தம்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருடைய முதல் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபு முதலாளிக்கு, கிடைத்தது தையல்காரர் விசா. அதில் வந்தவர் கலீலுர் ரஹ்மான். மளிகை போட்ட பிறகும் தாளில் அந்தத் தொழிலே ஒட்டிக்கொண்டது. ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. பொய் சொல்லவும் வராது, உண்மை சொன்னால் வேறு வம்பு வரும். "எழுத்து அப்படி இருக்குது அர்பாப்" என்கிற அர்த்தத்தில் தெரிந்த அரபியில் எதையோ சொன்னார். அதிகாரிக்கு வேலை குறைவு போல. தன் சட்டைக் கையில் தொங்கிய பொத்தானைக் காட்டி, இதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று சிரித்தார். பக்கத்து அதிகாரியையும் கூப்பிட்டுக் காட்டினார். கலீலுர் ரஹ்மான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். "பேரப்பிள்ளை, சலாலா, இன்றைக்கு" என்று மூன்று வார்த்தை மட்டும் அரபியில் சொன்னார். அதிகாரி சிரிப்பை நிறுத்தி, முத்திரையைக் குத்தி, "மப்ரூக், யல்லா யல்லா" என்று வாழ்த்தி விரட்டினார்.

டாக்ஸி பிடித்து ரூவிக்குப் போய், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. சக்கரம் உருண்டதும் மனசு கொஞ்சம் ஆறியது. நிஸ்வா வரை மலைகள் இருந்தன. அதற்குப் பிறகு பழையபடி மணல். காலையில் மேலிருந்து பார்த்த அதே மணலை இப்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு போனார்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் ஆதம் என்கிற ஊரில், அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பஸ்ஸை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ஊரும் இல்லை, ஃபோனுக்குச் சிக்னலும் இல்லை என்று டிரைவர் சொன்னார். மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஃபோன் அடித்தது. முத்துராமன்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"ஆதம்னு ஒரு ஊரு சார்."

 "உங்ககிட்டச் சொல்லவே கஷ்டமா இருக்கு பாய். நீங்க போன முக்கால் மணி நேரத்துல கூப்பிட்டுட்டாங்க. அஞ்சேகாலுக்கெல்லாம் இறங்கிட்டோம். இப்ப ஹோட்டல்ல இருக்கோம்."

கலீலுர் ரஹ்மான் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அந்த வானத்தில், இவர் பஸ்ஸுக்கு மேலாகத்தான் அந்த விமானம் போயிருக்கும். தன்யா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே ஒரு சின்ன பஸ்ஸைப் பார்த்திருந்தாலும் பார்த்திருப்பாள்.

"மூட்டம் பார்த்தாச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க. விலகிப்போச்சு பாய். தன்யா அழுதுக்கிட்டு இருக்கா."

ஃபோனை வைத்தார். மறுபடி அடித்தது. ரஹீமா பீவி.

"அல்ஹம்துலில்லாஹ், பேரன் பொறந்துட்டான். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆறு பத்துக்குப் பொறந்தான். எவ்வளவு நேரமா அடிக்கிறேன், எங்க போனிய?"

"தொழுதுக்கிட்டு இருந்தேன்" என்றார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ். பாங்கு சொல்லியாச்சா?"

"இல்ல. நீங்கதான் சொல்லணும்னு பத்து மாசமா சொல்லிக்கிட்டுக் கிடந்தியல்ல? மாமா வரட்டும், பொறுங்கன்னு ஹாதிய நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். எப்ப வருவிய?"

"ஸுப்ஹுக்கு."

"ஸுப்ஹுக்கா?"

"பஸ்ஸுல வாறேன் ரஹீமா."

"விமானத்துல இருந்தியளே, பஸ்ஸுக்கு எப்ப இறங்குனிய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சொன்னார். "சரி, அப்ப ஒன்னு பண்ணுவோம். ஃபோனைப் புள்ள காதுகிட்ட வைக்கிறேன். நீங்க அங்கிருந்தே சொல்லிருங்க. ரெண்டு நிமிஷம்தான?"

கலீலுர் ரஹ்மான் பள்ளிவாசல் சுவரோரமாகப் போனார். கையை உயர்த்திக் காதுமடலைத் தொட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன மூச்சு. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். இருபத்து மூன்று வருஷம் காத்திருந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். வாயைத் திறந்துவிட்டார்.

திறந்த வாயோடு நின்றார்.

"ரஹீமா, ஹாதி எங்க?"

"இங்கதான் நிக்கிறாரு, கட்டில் பக்கத்துல."

"ஃபோனை அவருகிட்டக் குடு."

"ஏன், என்னத்துக்கு? புள்ள காதுல வச்சிட்டேன், சொல்லுங்க."

"குடும்மா."

ஹாதி வந்தார். "மாமா."

"மாப்புள்ள, நீங்க சொல்லுங்க பாங்கு."

"மாமா, நீங்கதான்…"

"நான் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப, என் புள்ளைங்களுக்கு ஊர்ல உள்ளவங்க சொன்னாங்க. அதுல யாரையும் நான் குத்தம் சொல்லல, நான் இல்ல, அவங்க சொன்னாங்க. நீங்க கட்டில் பக்கத்துல நிக்கிறிய. தகப்பன் கைக்கெட்டுற தூரத்துல நிக்கும்போது நான் எதுக்கு ஃபோன்ல சொல்லணும்? ஒரு மணி நேரமாப் புள்ளையக் காக்கப் போட்டது போதும்."

"எனக்கு ஒழுங்கா வருமான்னு பயமா இருக்கு மாமா."

"தினம் அஞ்சு வேளை கேக்குறிய, வராம எங்க போவும்? மெதுவாச் சொல்லுங்க. கத்திராதீங்க, அது பச்சப்புள்ள."

பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். "யல்லா ஹாஜி, யல்லா!" ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறினார். ஹாதி தொண்டையைச் செருமுவது கேட்டது. ஃபோனை ரஹீமாவிடம் கொடுக்கிற சத்தம் கேட்டது. "அல்லாஹு" என்று ஹாதியின் குரல் ஆரம்பித்தது. பஸ் வளைந்து நெடுஞ்சாலையில் ஏறியது. சிக்னல் போய்விட்டது.

ஃபோனைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோடு ஒன்றும் இல்லை. "யா அல்லாஹ், இன்னும் ஒரு நிமிஷம் குடுத்திருக்கக் கூடாதா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஹாதி எந்த வார்த்தையில் இருப்பார் என்று கணக்குப் போட்டு, உதட்டுக்குள்ளேயே அவரோடு சேர்ந்து கடைசி வரை சொல்லி முடித்தார்.

சலாலாவில் இறங்கும்போது ஸுப்ஹு பாங்கு கேட்டது. பொடித்தூறல். நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூட்டம் திரும்ப வந்திருந்தது. ஹாதி ஒரு குடையோடு, பஸ்ஸின் தப்பான பக்கத்தில் போய் நின்று, "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

"நல்லாச் சொன்னியளா?"

"சொன்னேன் மாமா. பாங்கு பாதியில, ஹய்ய அலல் ஃபலாஹ் வந்தப்ப தடுமாறிட்டேன். கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் சொன்னேன்." ஹாதி வண்டியை ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். "மாமா, இன்னொன்னும் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"என்ன?"

"வலது காதுல பாங்கு சொன்னேன். இடது காதுல இகாமத்துச் சொல்லல. அது உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன்."

"விட்டு வைக்கிற காரியமா மாப்புள்ள அது?" கலீலுர் ரஹ்மானின் குரல் வண்டிக்குள் உரக்கவே கேட்டது. அவர் மருமகனிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "ரெண்டையும் கையோட கையாச் சொல்லி முடிக்கணும். இதுக்கா நான் பஸ்ஸுல ஏறிக்கிட்டே பாடம் எடுத்தேன்? ராத்திரி பூராப் புள்ளை ஒரு காதோடவா கிடந்துச்சு?"  கண்ணாடியில் துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. "வேகமா ஓட்டுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். ஆம்பிளைகளுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பார்க்கும் நேரம். இப்போது மாஃபி, கிடையாது. ஹாதி கெஞ்சினார், கலீலுர் ரஹ்மான் பேரீச்சம்பழப் பையைத் திறந்து காட்டினார். காவலாளி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்காக வேண்டித் துஆ செய்தார். ஆனால் விடவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டால் பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுவரை உட்கார் என்று பெஞ்சைக் காட்டினார்.

உட்கார்ந்தார். மேலே இரண்டாவது மாடி ஜன்னலில் ரஹீமா பீவி ஒரு துணிப்பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். மூட்டத்தில் துணி மட்டும்தான் தெரிந்தது. நேற்று இதே நேரத்தில் ஷார்ஜாவில் வேன் நின்ற இடத்திலேயே நின்றது. இன்றைக்கு நாற்பது அடி. நாற்பது அடிக்கு நாலரை மணி நேரம். பெஞ்சில் இருந்தபடி ஓதினார், எழுந்து நடந்தார், மறுபடி ஓதினார். தலைக்கு மேலே, மூட்டத்துக்குள் எங்கேயோ, ஒரு விமானம் வட்டமடிக்கிற சத்தம் கேட்டது. "திரும்பிப் போயிரு, பஸ்ஸுல மட்டும் ஏறாத" என்று அதற்குச் சொன்னார். ஹாதி சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று வாயை மூடிக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு வாசல் கதவு திறந்தது. ஃபஸ்னா ஒரு நர்ஸைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். வாப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. "வந்துட்டியளா வாப்பா" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். ரஹீமா பீவி பின்னால் வந்தார். கணவரின் கசங்கிய சட்டையையும் வீங்கிய கண்ணையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒன்னேமுக்கா மணி நேரம் ஆயிட்டா?" என்றார்.

"பேசாமப் புள்ளையக் குடு."

வாங்கிக்கொண்டார்.  தூறல் படாமல் வராண்டாவின் உள்பக்கமாகத் திரும்பி நின்று, துணியை விலக்கி, இடது காதைத் தேடினார். ஒரு வேர்க்கடலை அளவுதான் இருந்தது. பஸ்ஸில் ராத்திரி முழுக்க ஏசிக் காற்று அடித்துத் தொண்டை கட்டியிருந்தது. நாலு தரம் செருமியும் குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் இகாமத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிற மாதிரி அவரைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது. தேனைத் தொட்டு உதட்டில் வைக்கலாம் என்று குப்பியை எடுத்தார். நர்ஸ் வேண்டாம் வேண்டாம் என்று குப்பியையே வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சுஐபு கூப்பிட்டான்.

"மப்ரூக் மச்சான்! யாரு சொன்னா?"

"பாங்கு அவன் வாப்பா சொன்னாரு. இகாமத்து நான்."

"அப்ப அரை மார்க்கு" என்றான் சுஐபு. "போவட்டும், நல்ல மார்க்குத்தான். நான் இங்க காலண்டரைத் தேதிப் பக்கம் திருப்பி மாட்டிட்டேன், பார்த்துக்குங்க. நீங்க வந்து கத்தக் கூடாது. தேதி தெரியாம பால்காரன்கிட்ட ஏமாந்து போறேன்."

"அது அப்படியே இருக்கட்டும்."

"நெசமாவா? பசங்க வந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம்னு கேப்பானுவளே, என்ன சொல்ல?"

கலீலுர் ரஹ்மான் தொட்டிலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் அசையாமல் நின்றது. நாளைக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது.

"முந்தின நாளே கிளம்பச் சொல்லு" என்றார்.